வீடு மாறுகின்றீர்களா?

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்று சொல்லிவைத்த நம் முன்னோர், வீட்டை மாறிப் பார் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்காமல் விட்டுவிட்டனர். அதற்குக் காரணம் உண்டு. பிறந்த வளவிலேயே வாழ்ந்து, அவ்வளவின் ஒரு கோடியில் மகளுக்கும் ஒரு வீட்டைக் கட்டிக்கொடுத்து, அங்கேயே கண்மூடிய மக்கள் அவர்கள். சீதன வீட்டுக்குப் புது மாப்பிள்ளை ஒரு றங்குப்பெட்டியுடன் போய்ச் சேர்வதே அந்நாளில் பெரிய குடிமாற்றமாக இருந்தது.

வன்னியில் வாழும் நமக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. கிளிநொச்சி என்னும் ஊரே குடிபெயர்ந்து வந்தோரால் ஆனது. யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கவென 1936ஆம் ஆண்டில் குடியேற்றம் தொடங்கிற்று. இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் காடு வெட்டிக் கொட்டில் போட்டவர்களின் பேரரும் பூட்டரும் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். 1977இலும் 1983இலும் நிகழ்ந்த கலவரங்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வந்தோர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியமர்ந்தனர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமமே எழுந்து நடந்தபோது, தென்மராட்சியிலே தங்கிப் பின் கிளாலிக் கடனீரேரியைத் தாண்டி வன்னிக்கு வந்தோர் பல்லாயிரவர். அடுத்த ஆண்டிலே கிளிநொச்சியும் போர்க்களமாயிற்று. 2008இல் மன்னார்ப் பக்கத்தில் தொடங்கிய பெயர்வு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஊர் ஊராகக் கிழக்கே நகர்ந்து, 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. அதன் பின்னர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம். அது 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோதும் எல்லோரும் சொந்த வளவுக்குத் திரும்பினர் என்று சொல்வதற்கில்லை. கேப்பாபுலவு மக்கள் சீனியாமோட்டையிலே கொண்டுபோய் இருத்தப்பட்டனர்.

இவற்றையெல்லாம் வீடு மாறுதல் என்று சொல்ல நாக் கூசும். ஆயினும் வன்னிக் குடும்பம் ஒன்று மூட்டை கட்டும் முறையை இவைதாம் வகுத்துவிட்டன என்பதை நாம் கண்கூடாகக் காண்கின்றோம். இன்று நம்மை எவரும் துரத்தவில்லை. ஆசிரியருக்கோ எழுதுவினைஞருக்கோ இடமாற்றக் கடிதம் வருகிறது. அல்லது வாடகை வீட்டை உடையவர் கேட்கிறார். அல்லது பிள்ளையின் உயர்தரப் படிப்புக்காக நகர்ப்புறத்தில் ஒரு வீடு பார்க்கப்படுகிறது. பதினைந்து நாளோ ஒரு மாதமோ அவகாசம் இருக்கிறது. இருந்தும் முதற் பதின்மூன்று நாளும் வீட்டில் ஒருவரும் ஒரு கரண்டியைத் தானும் எடுத்து வைப்பதில்லை. பதினான்காம் நாள் இரவு எல்லாம் ஒரேயடியாக உரப்பைக்குள் திணிக்கப்படுகின்றன. விடியுமுன் வண்டி வாசலில் நிற்கிறது. தாய் அழுகிறாள், தந்தை கத்துகிறார், பிள்ளைகள் பழைய ஓட்டத்தைக் கண்டிராதவர்களாயினும் காரணம் தெரியாமலே நடுங்குகின்றனர். ஆறுதலாகச் செய்யக்கூடிய ஒரு காரியத்தை ஓட்டமாகவே செய்யப் பழகிவிட்டோம். இந்தப் பழக்கத்தை எப்படி விடுவது என்பதைப் பற்றியே இவ்வாரம் சிறிது பேச விரும்புகின்றோம்.

வீடு மாறுதல் மனத்தை வருத்தும் என்பது நமது கற்பனையன்று. அமெரிக்காவிலே ஹோம்ஸ், ராகே என்னும் இரு மருத்துவர்கள் 1967ஆம் ஆண்டில், மனிதனை அலைக்கழிக்கும் 43 வாழ்க்கை நிகழ்ச்சிகளைப் பட்டியலாக்கி ஒவ்வொன்றுக்கும் புள்ளி இட்டனர். வாழ்க்கைத் துணையை இழப்பதற்கு 100 புள்ளி. திருமணத்துக்கு 50. வீடு மாறுதலுக்கு வெறும் 20. இவ்வளவுதானா என்று நம் வாசகியர் சினக்கக்கூடும். ஆனால் அதே பட்டியலில் பாடசாலை மாறுவதற்கு வேறாக 20, வாழ்க்கை வசதிகள் மாறுவதற்கு வேறாக 25. மூன்றும் நம்மூரில் ஒரே நாளில் வருவன. கூட்டிப் பார்த்தால் 65. நெருங்கிய உறவினர் ஒருவரின் மரணத்துக்கு அவர்கள் இட்ட புள்ளி 63. இத்தகைய கணக்குகளை நாம் பெரிதாக நம்புவோர் அல்லோம். ஆயினும் வண்டி வரும் நாளில் இல்லத்தரசி ஒருத்தி காரணமின்றிச் சீறினால், கணவன்மார் இந்த 65ஐ நினைத்துக்கொண்டு வாய்மூடி இருப்பது நன்று.

வீட்டில் எவரை முதலில் எண்ண வேண்டும்? முதியோரை. புதுக்குடியிருப்புப் பக்கத்து மூதாட்டி ஒருவரை நாம் அறிவோம். அரசாங்க உத்தியோகத்தராகிய மகனுக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது. வளவைப் பார்த்துக்கொள்ள உறவினர் ஒருவரை இருத்திவிட்டுக் குடும்பத்தோடு புறப்பட்டார்கள். லொறி வாசலில் வந்து நின்றபோது ஆச்சியின் மடியில் ஒரு மூட்டை இருந்தது. அதற்குள் அரிசிமா, சீனி, தீப்பெட்டி, மடித்த தறப்பாள் ஒன்று. மகனைப் பார்த்து, “தம்பி, இந்தமுறை எத்தினை நாளைக்கு?” என்று கேட்டார். மகன் சிரித்துக்கொண்டு, “மூண்டு வருஷம் அம்மா. மாற்றம் கிடைச்சாத் திரும்பி வருவம்” என்றார். “போனமுறையும் ரெண்டு நாளிலை வரலாமெண்டுதான் சொன்னவை” என்றார் ஆச்சி.

மகனின் சிரிப்பு அங்கே நின்றுவிட்டது.

வவுனியா வீட்டில் ஆச்சி அந்த மூட்டையை அவிழ்க்கவில்லை. தலைமாட்டில் வைத்துக்கொண்டே படுத்தார். மருமகள் கெட்டிக்காரி. மூட்டையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், மாதம் ஒன்று கழியுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரைப் பஸ்ஸில் ஏற்றிப் பழைய வளவுக்குக் கூட்டிச் சென்றாள். வீடு நின்றது. கூரை இருந்தது. கிணற்றுக்கட்டில் வாளி கவிழ்த்தபடி இருந்தது. ஆச்சி வளவைச் சுற்றி ஒருமுறை நடந்து, விழுந்து கிடந்த இரண்டு தேங்காயைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். அன்றிரவு தறப்பாள் கட்டிலின் கீழே போயிற்று. அரிசிமா குசினிக்குப் போயிற்று.

வன்னி முதியோருக்கு இதைவிடச் சிறந்த மருந்து எமக்குத் தெரியாது. முடியுமாயின் குடிபுகுமுன் ஒருமுறை புது வீட்டைக் காட்டுங்கள். குடிபுகுந்த பின் ஒருமுறை பழைய வீட்டைக் காட்டுங்கள். விட்டு வந்தது அப்படியே இருக்கிறது என்பதைக் கண்ணாற் கண்டால்தான் அவர்களுக்கு நெஞ்சு ஆறும். அவர்களது சாமான்களை அவர்கள் கையாலேயே கட்ட விடுங்கள். பழந்துணி, உடைந்த பாக்குவெட்டி, மூடியில்லாத வெற்றிலைப் பெட்டி என்று பார்த்து நீங்கள் கழித்துவிடாதீர்கள். 2008இல் புறப்பட்டவர்கள் உழவியந்திரப் பெட்டியில் கூரை ஓட்டையும் தகரத்தையும் கதவு யன்னலையும் கழற்றி ஏற்றிச் சென்றார்கள். போகும் இடத்தில் கொட்டில் போட வேண்டுமே என்ற எண்ணம். ஒவ்வொரு பெயர்விலும் சுமை குறைந்தது. ஓடு போயிற்று, கட்டில் அலுமாரி போயின, பின் உழவியந்திரமே போயிற்று. ஈற்றில் பலர் கையில் எஞ்சியது ஒரு பைதான். அவ்வாறு ஒவ்வொன்றாக இழந்தவரிடம் போய், இதை ஏன் சுமக்கிறாய் என்று கேட்பது நியாயமாகாது.

எஞ்சிய அந்தப் பையைப் பற்றி ஒரு வார்த்தை. அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், காணி உறுதி, வங்கிப் புத்தகம், பரீட்சைப் பெறுபேறுகள் ஆகியவற்றை ஒரே பையில் இட்டுக் கைக்கெட்டும் ஆணியில் தொங்கவிடும் வழக்கம் வன்னி வீடுகள் பலவற்றில் இன்றும் உண்டு. போர் கற்பித்தவற்றுள் சமாதான காலத்துக்கும் வைத்துக்கொள்ளத் தக்கது இதுவே என்பது எமது கருத்து. குடியேற்றத் திட்டக் காணிகளில் இருப்போர் பலரிடம் உறுதி இல்லை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரமே உண்டு. அது தொலைந்தால் மறுபிரதி பெறப் பிரதேச செயலகத்துக்கு நடக்க வேண்டிய நடை கொஞ்சமன்று. ஆகவே அந்தப் பை லொறியில் ஏறவே கூடாது. வீட்டில் பொறுப்பான ஒருவர் தோளில் அது இருக்கட்டும். ஒவ்வொன்றின் பிரதியும் வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். கைத்தொலைபேசியிலும் ஒரு படம் பிடித்து வையுங்கள். பிள்ளையின் பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பியையும் இதே பையில் வைக்கப் பலர் மறந்துவிடுகின்றனர். புது ஊருக்குப் போனவுடன் அங்குள்ள கிராம அலுவலரிடம் பதிந்துகொள்ளவும், வாக்காளர் இடாப்பில் பெயர் மாற்றவும் வேண்டும். வாடகை வீடாயின் மின்மானி காட்டும் இலக்கத்தை உடையவர் முன்னிலையில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் மனத்தாபம் வராது.

எப்போது போவது? இங்கேதான் நாளும் கோளும் குறுக்கிடுகின்றன. ஆடியிலும் புரட்டாதியிலும் மார்கழியிலும் புதுவீடு புகுதல் நம்மவர் வழக்கமன்று. ஆசிரிய இடமாற்றமோ பெரும்பாலும் ஆங்கில வருடப் பிறப்போடு நடைமுறைக்கு வருவது. அது நடு மார்கழி. இதைச் சொல்லி இக்காலத்து இளைஞர் நகைப்பதுண்டு. ஆனால் மார்கழியில் வன்னியின் வானத்தைப் பார்த்தவர் நகையார். வடகீழ்ப் பருவமழை அடித்து ஊற்றும் காலம் அது, குளங்கள் வான் பாயும், ஒழுங்கைகள் சேறாகும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்தை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மெத்தையையும் புத்தகத்தையும் திறந்த உழவியந்திரப் பெட்டியில் ஏற்றிச் செல்ல அது ஏற்ற காலமா? சாத்திரத்தை நம்பாதவரும் முகிலை நம்பத்தானே வேண்டும்.

ஆகவே உத்தியோகத்தர் ஒரு பாயும் தலையணையும் இரண்டு சோடி உடுப்பும் எடுத்துக்கொண்டு முதலில் தனியே போகட்டும். குடும்பம் தைப்பொங்கல் கழித்துப் போகட்டும். பிள்ளைகளின் தவணை தொடங்கும் திகதியை மட்டும் கேட்டறிந்து அதற்கேற்ப ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். தனியே இருக்கும் அந்த இரண்டு வாரத்தில் வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பெரிய வேலை ஒன்று உண்டு. நெடுநாள் பூட்டிக் கிடந்த வீடாயின் கிணற்றை இறைப்பித்துச் சேறு வாரிக் குளோரின் இட்டுவைக்க வேண்டும். வவுனியாப் பக்கத்தில் கிணற்று நீரின் கடினத்தன்மை பற்றியும் சிறுநீரக நோய் பற்றியும் மக்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. வாடகையைப் பேசுமுன் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று அயலவரிடம் கேளுங்கள். வீட்டின் சொந்தக்காரரிடம் கேட்பதிலும் அயலவரிடம் கேட்பது மேல்.

நல்ல நேரம் விடியற்காலை நாலரை மணிக்கென்று ஐயர் குறித்துக் கொடுத்தால், அந்நேரத்துக்குச் சாமான் முழுவதையும் கொண்டுபோய் இறக்க வேண்டுமென்று சாத்திரம் சொல்லவில்லை. நிறைகுடம், குத்துவிளக்கு, அரிசி, உப்பு, மஞ்சள், சுவாமி படம் ஆகியவற்றோடு வீட்டார் மட்டும் போய் விளக்கேற்றிப் பாலைக் காய்ச்சினால் குடிபூரல் ஆயிற்று. சாமான் பகல் வெளிச்சத்தில் ஆறுதலாக வரலாம். இரவில் ஏற்றும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். இரவில் வண்டி ஏற்றிய நினைவு யாருக்கும் நல்ல நினைவாக இல்லை.

சாமான் கட்டுவதில் இல்லத்தரசியருக்கு நாம் கற்பிக்க ஒன்றுமில்லை. ஓரிரு குறிப்பு மாத்திரம். நாளொன்றுக்கு ஓர் அறை, அதுவும் பின்னேரத்தில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் பதினைந்து நாள் தாராளம். அன்றாடம் தொடாதவற்றை முதலிற் கட்டுங்கள். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் கடதாசி தேடி அலைய வேண்டாம்; வீட்டிலுள்ள சேலை, சாரம், துவாய் எல்லாம் எப்படியும் போகத்தானே வேண்டும், அவற்றாற் சுற்றுங்கள். புத்தகங்களைப் பெரிய பெட்டியில் இடுவது படித்தவர் வீட்டில் மாத்திரம் காணப்படும் அறியாமை. தூக்குகிறவனின் முதுகை நினைத்துச் சிறிய மட்டைப்பெட்டிகளில் இடுங்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் வண்டியின் முற்பக்கத்து அடியில் போகட்டும். மின்சார அரைப்பான் இருக்க அம்மி எதற்கு என்ற வழக்கு எல்லா வீட்டிலும் எழும். மின்சாரம் நின்ற ஆண்டுகளை வன்னி கண்டிருக்கிறது. அம்மி போகட்டும் என்பதே எமது தீர்ப்பு.

கடைசியாக ஏற்றப்படுவதே முதலில் இறங்கும். இதை மறப்பதனாலேதான் முதலிரவு வீடுகளில் சண்டை மூளுகிறது. தேயிலை, சீனி, பால்மா, ஒரு கேத்தில், இரண்டு பேணி, அரிசி, பருப்பு, தேங்காய், திருவலை, கத்தி, தீப்பெட்டி, நுளம்புவலை, மின்சூள் ஆகியவற்றை ஒரு கடகத்தில் அடுக்கி எல்லாவற்றுக்கும் பிறகு வண்டியில் வைத்தால், இறங்கிய அரைமணி நேரத்தில் ஒரு தேநீர் குடித்துவிட்டு மற்றவற்றைப் பார்க்கலாம். மற்றப் பெட்டிகள் ஒரு கிழமை அவிழாமற் கிடந்தாலும் குடி முழுகிப் போகாது. சிறு பிள்ளைகளுக்கும் ஒரு பொறுப்புக் கொடுங்கள். தன் பாடசாலைப் பையையும் விரும்பிய விளையாட்டுப் பொருளையும் பிள்ளை தானே கட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டு வரட்டும். ஏன் போகிறோம், எப்போது திரும்பலாம் என்பதையும் உள்ளபடி சொல்லுங்கள். நாலு நாளில் வந்துவிடலாம் என்று பிள்ளையை ஏய்க்கும் வழக்கம் வேண்டாம். அந்த ஆச்சி சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்.

யப்பானிலே புதிதாகக் குடிவந்தவர் அயல்வீடுகளுக்குச் சோபா என்னும் நூடில்ஸ் கொடுத்து அறிமுகமாகும் வழக்கம் இருந்ததாம். நம்மூரில் முறை மாறி, குடிவருவோருக்கு அயலவரே தேநீர் கொண்டுவருவர். வாங்கிக் குடித்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதிருந்தால் போதும், நட்புத் தொடங்கிவிடும்.

ஆடு மாடு உடையோருக்கு ஒரு சொல். பசுவை வண்டியிலேற்றி இழுபறிப்படாதீர்கள். அண்மையூராயின் கன்றை உழவியந்திரப் பெட்டியில் ஏற்றி மெல்ல முன்னே போனால் தாய் தானே பின்னால் நடந்து வரும். வந்தபின் சில நாட்களுக்கு அவிழ்த்துவிடாமல் கட்டிவைத்தே புல்லுப் போடுங்கள். அவசரப்பட்டு அவிழ்த்துவிட்டால் மறுநாட் காலையில் அது பழைய பட்டியடியில் நிற்கும். பத்து மைல் போய்ப் பிடித்து வர வேண்டும். கோழிகளை இருட்டிய பின் பிடித்துக் கரப்பில் அடைத்துக்கொண்டால் சத்தம் போடா.

செடிகளில், கறிவேப்பிலையின் பக்கக் கன்று ஒன்றையும் முருங்கைத் தடி இரண்டையும் ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துச் சென்று, தை மாதத்து ஈரம் காயுமுன் குசினிக் கோடியில் ஊன்றிவிடுங்கள். வாடகை வீடாயிற்றே என்று யோசிக்க வேண்டாம். முருங்கை ஓராண்டுக்குள்ளேயே காய்த்துவிடும்.